தொண்ணூற்றெட்டாயிரம் ஓடிய வண்டி

பால் குளிரூட்டும் நிலையத்தில் பதினாறு வருடமாகப் பால் சோதித்து வந்தவளுக்கு ‘மானி’ என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. பால்மானி என்ற சொல்லில் பாலை வடித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். கேனைத் திறப்பாள், கலக்குவாள், கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஊற்றி மானியை மிதக்கவிட்டுக் குனிந்து கோட்டைப் பார்ப்பாள். தண்ணீர் கலந்திருந்தால் “இது வேண்டாம்” என்பாள். கெஞ்சினாலும் சரி, கத்தினாலும் சரி, அந்த இரண்டு வார்த்தைக்குப் பிறகு மூன்றாவது வார்த்தை வராது. ஒருமுறை சொந்தச் சித்தப்பாவின் கேனையே திருப்பி அனுப்பினாள். சித்தப்பா ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் அதற்காக ஒரு வேளை சாப்பாட்டைக்கூடக் குறைத்துக்கொள்ளவில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு பழைய கார் விஷயத்தில் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டாள்.

கார் தேவைப்பட்டது மகளுக்காக. பதினொரு வயது. பிறந்ததிலிருந்தே ரத்தத்தில் கோளாறு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஆஸ்பத்திரியோ மலைக்கு அந்தப் பக்கம். இரண்டு பஸ் மாறி, பத்தொன்பது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை வெளுத்த துணி மாதிரி மடியில் துவண்டு கிடக்கும். பிளாஸ்டிக் பை இல்லாமல் மானி அந்தப் பஸ்ஸில் ஏறியதே கிடையாது. அவள் வீட்டுக்காரர் சீருடை தைக்கும் கம்பெனியில் துணி வெட்டுகிறவர். கத்தரி பிடித்தால் இம்மி பிசகாது. ஆனால் ஸ்டீரிங் பிடிக்கத் தெரியாது. மானிக்குத் தெரியும். நிலையத்து வேனை அவசரத்துக்கு ஓட்டி ஓட்டிக் கற்றுக்கொண்டவள்.

ஆஸ்பத்திரி இருக்கும் அதே டவுனில்தான் வீட்டுக்காரருடைய அண்ணன் இருந்தார். கோர்ட்டில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் பிறந்த நாளிலிருந்து குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் பெரியப்பாதான். மானி மட்டும் மாமா என்பாள். அவரிடம் வெள்ளிச்சாம்பல் நிறத்தில் ஒரு பழைய டீசல் கார் இருந்தது. ஆறு வருடமாகத் தினமும் துடைத்து, வாரம் ஒருமுறை கழுவி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதன் பெருமையைச் சொல்லி வந்தார். இப்போது கண்ணில் புரை. ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“வெளியாளுக்குக் குடுக்க மனசு வரல. நம்ம புள்ள போய்வர ஆகும்னா நீங்களே எடுத்துக்கங்க,” என்று போனில் சொன்னார்.

அன்று ஆஸ்பத்திரி வார்டில் மானியின் முகம் பளிச்சென்று இருந்தது. பக்கத்துப் படுக்கையில் ஐந்து வயதுப் பெண்குழந்தைக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தையின் அம்மா வீட்டுக்காரரோடு சேர்ந்து ஜெராக்ஸ் கடை நடத்துகிறவள். அவர்களும் மலைக்கு இந்தப் பக்கத்துக்காரர்கள்தான். மூன்று வருடமாக ஒரே நாளில், ஒரே வார்டில், ஒரே பஸ்ஸில்.

“எங்க மாமா வண்டிதான். கோர்ட்டுல டைப்பிஸ்டா இருந்தாரே, டவுன்ல அவரத் தெரியாதவங்க இருக்க மாட்டாங்க,” என்றாள் மானி.

“அப்ப எங்களையும் ஏத்திக்கங்கக்கா. பின்னாடி சீட்டுல ஓரமா ஒட்டிக்கறோம்,” என்று ஜெராக்ஸ்காரி சிரித்தாள்.

நிலையத்தில் டேங்கர் லாரிகளுக்கும் ஜெனரேட்டருக்கும் வைத்தியம் பார்க்கிற ஃபிட்டரை மானி கூட வரச்சொல்லிக் கேட்டாள். அவர் கையைத் துடைத்தபடியே மாட்டேன் என்று தலையசைத்தார்.

“சொந்தக்காரங்க வண்டியப் பாக்க நான் வரமாட்டேம்மா. நல்லாருக்குன்னு சொன்னா நாளைக்கு என் தலை உருளும். நல்லால்லன்னு சொன்னா இன்னிக்கே உருளும்.”

“அப்ப நான் என்ன பாக்கணும்னாவது சொல்லுங்கண்ணே.”

“காலைல மொத தடவ நீயே சாவி போடு. எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறியிருக்கணும். சூடா இருக்கற டீசல் எஞ்சின் எவன வேணா ஏமாத்தும். ஓடும்போதே ஆயில் மூடியக் கழட்டிப் பாரு, புகை குபுகுபுன்னு வருதான்னு. வந்தா எஞ்சின் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். மீட்டர நம்பாத, பெடல் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாரு. அப்புறம் டைமிங் பெல்ட் எப்ப மாத்துனாங்கன்னு கட்டாயம் கேளு.” கை துடைத்த துணியைத் தோளில் போட்டார். “மத்த ரிப்பேரெல்லாம் முனகும், இருமும், சொல்லிட்டுத்தான் வரும். பெல்ட் அப்படியில்ல. பட்டுனு அறுந்தா ஓடற எஞ்சின் அப்படியே நின்னுடும். ஸ்டீரிங் கல்லாயிடும், ரெண்டு மூணு மிதிக்கு மேல பிரேக்கும் பேச்சு கேக்காது. சமவெளின்னா ஓரங்கட்டிக்கலாம். நீ போறது மலை.”

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் பெரியப்பா வீட்டில் தங்கினார்கள். ஞாயிறு விடிந்ததும் மானி வாசலுக்கு வந்து எஞ்சின் மேல் மூடியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. சாவியைத் திருப்பினாள். எஞ்சின் எழுந்திருக்க மனமில்லாத ஆள் மாதிரி நெடுநேரம் முக்கி முனகிப் பிறகு பிடித்தது. பின்னாலிருந்து வெள்ளைப் புகை கக்கி, ஒரு நிமிடம் உதறி, அப்புறம் அடங்கியது.

பெரியப்பா பல் துலக்கும் பிரஷ்ஷோடு வந்து நின்றார். “பழைய டீசல்னா அப்படித்தாம்மா. காலைல ரெண்டு இருமல் இருமும், அப்புறம் நாள் முழுக்க உழைக்கும். என்னை மாதிரி.”

மானி சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஆயில் மூடியைத் திருகினாள். கொதிக்கிற பாத்திரத்தின் தட்டு மாதிரி அது கைக்குள்ளேயே துள்ளியது. உள்ளேயிருந்து புகை மூச்சு மூச்சாக வந்தது.

“என்னம்மா, டாக்டர் மாதிரி நாக்க நீட்டச் சொல்வ போலிருக்கே?”

“சும்மாதான் மாமா. பெல்ட் எப்ப மாத்துனீங்க?”

“எதுக்கு மாத்தணும்? லட்சம் தாண்டினாத்தான மாத்தணும்? இன்னும் ஒரு லட்சமே ஆகல. தொண்ணூத்தெட்டாயிரந்தான் ஓடியிருக்கு.” வாய் கொப்பளிக்க உள்ளே போனார்.

மீட்டரிலும் தொண்ணூற்றெட்டாயிரத்துச் சொச்சம்தான் இருந்தது. ஆனால் பிரேக் பெடலின் ரப்பர் கோடு கோடாக இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுவென்று, ஓரத்தில் இரும்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. ஓட்டுநர் பக்கக் கதவு வாசலில் ரப்பர் பட்டி ஓரிடத்தில் பெயர்ந்து தொங்கியது. அதை உள்ளே தள்ளிச் சொருகப் போனவளின் கையில் ஒரு காகித ஓரம் தட்டுப்பட்டது. பட்டியை விலக்கினாள். ஆயில் மாற்றிய கடைக்காரர் யாரோ ஒட்டிய ஸ்டிக்கர். மஞ்சளாகிப் போயிருந்தாலும் பேனா எழுத்து தெளிவாக இருந்தது. எட்டு வருடத்துக்கு முந்தைய தேதி. அதன் கீழே: 1,86,400.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம். இன்றைக்குத் தொண்ணூற்றெட்டாயிரம். வண்டி இத்தனை வருடமும் பின்னாலேயே ஓடியிருந்தால்தான் அது சரியாக வரும்.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் படித்துவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “மூடு. பாக்காத மாதிரி மூடிடு.”

“மீட்டரப் பின்னாடி சுத்தி விட்டிருக்காங்க. நம்ம புள்ளய இதுல உக்கார வெச்சு...”

“அண்ணன் அந்த மாதிரி ஆளில்ல.”

“பின்ன யாரு பண்ணுவா?”

அதைச் சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்தபோது பெரியப்பா துண்டால் முகம் துடைத்தபடி இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அந்த நொடியில் அவள் முகத்தில் என்ன இருந்ததோ, அது முழுவதையும் அவர் பார்த்துவிட்டார். புரை விழுந்த கண்ணுக்கு அதுமட்டும் தெளிவாகத் தெரிந்தது.

ஒன்றும் கேட்காமல் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் படித்தார். ஆயுசு முழுக்க எண்ணும் எழுத்தும் பிழையில்லாமல் தட்டச்சு செய்தவர், அந்த ஆறு இலக்கத்தை உதடு அசைய மூன்று முறை படித்தார். பிறகு மெல்ல ஓட்டுநர் சீட்டிலேயே பக்கவாட்டில் உட்கார்ந்தார்.

“நான் வாங்கும்போது அறுபத்தோராயிரம் காட்டுச்சு,” என்றார். “வித்தவன் கோர்ட்டுல என் பக்கத்து மேசைக்காரன். இருபத்திரண்டு வருஷம் ஒண்ணா டீ குடிச்சவன். ஒரு கேள்வி கேக்காம வாங்கினேன்.”

மானிக்குச் சுருக்கென்றது. “மாமா, நான் உங்களச் சொல்லல.”

“நீ சொன்னது என் காதுல விழுந்துச்சும்மா.”

உள்ளேயிருந்து மானியின் ஓரகத்தி வந்தாள். விஷயம் புரிந்ததும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. “அக்கா, நான்...” என்று மானி தொடங்குவதற்குள் அவள் முந்திக்கொண்டாள். “சொந்தத்துக்குள்ள குடுக்கல் வாங்கல்ல இவ்வளவு சோதனையா? கேன்ல கொண்டு வந்த பாலா இது? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டுப் போறது!”

காலைச் சாப்பாடு மேசையில் ஆறியது. அவர்கள் பத்து மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்கள். அந்த வாரமே பெரியப்பா பழைய சிநேகிதனுக்குப் போன் செய்ததாகவும், அவன் சிரித்துக்கொண்டே “ஆறு வருஷம் ஓட்டித் தீத்துட்டு இப்ப வந்து கேக்கறியேப்பா” என்றதாகவும் வீட்டுக்காரர் சொன்னார். சொல்லிவிட்டு மானியைப் பார்க்காமல் செருப்பைத் தேடினார்.

அடுத்த முறை வார்டில் ஜெராக்ஸ்காரி ஆவலாகக் கேட்டாள். “எங்கக்கா கார்? வெளிய தேடித் தேடிப் பாத்தேன்.”

“எடுக்கல. ஒத்துவரல.”

“ஏன், வண்டி சரியில்லையா?”

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மீட்டர் விஷயத்தைச் சொன்னால் அது பெரியப்பா செய்த வேலையாகத்தான் ஊர் முழுக்கச் சுற்றும். கதவோரம் உட்கார்ந்திருந்த அந்த மனிதரின் முகம் கண் முன்னால் வந்தது. ஏற்கெனவே ஒருமுறை அவரைத் திருடனாகப் பார்த்தாயிற்று.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல,” என்றாள் மானி. “எங்களுக்குத்தான் ஒத்துவரல.”

பிறகு அவள் மகளுக்குக் காய்ச்சல் வந்ததில் நாள் மாறிப்போய், இரண்டு குடும்பமும் மறுபடி சந்திக்க ஒன்பது வாரம் ஆகிவிட்டது. அன்று பஸ்ஸில் ஜெராக்ஸ்காரியைக் காணவில்லை. வார்டுக்குள் நுழைந்தால் அவள் இவர்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை தெம்பாகப் படம் வரைந்துகொண்டிருந்தது.

“கார்ல வந்தோம்க்கா!” என்றாள். “உங்க மாமா வண்டிதான். நீங்க வேண்டாம்னதும் எங்க வீட்டுக்காரர் போய்ப் பேசினாரு. வண்டியப் பத்தி எங்களுக்கு என்ன தெரியும்? நீங்க பாத்துப் பாத்து வேல செய்யறவங்க. கோளாறு ஒண்ணுமில்லன்னு நீங்களே சொன்னீங்க இல்ல, அந்தத் தைரியத்துலதான் எடுத்தோம்.”

மானி மகளைப் படுக்க வைத்தாள், நர்ஸ் ஊசி குத்தும்வரை கையைப் பிடித்துக்கொண்டாள், முதல் சொட்டு இறங்குவதைப் பார்த்தாள். “தண்ணி புடிச்சிட்டு வரேன்,” என்று சொல்லிப் படியிறங்கி வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனாள். வெள்ளிச்சாம்பல் கார் மரத்தடியில் நின்றது. கதவு பூட்டியிருந்தது. ஜெராக்ஸ்காரியின் வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் சாவி கேட்டுத் திறந்து ரப்பர் பட்டியை விலக்கினாள். ஸ்டிக்கர் இல்லை. பிளேடால் வழித்த கீறலும் பிசின் தடமும் மட்டும் இருந்தன.

மேலே வந்து ஜெராக்ஸ்காரியைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டிக்கர், மீட்டர், புகை, மாற்றாத பெல்ட், எஞ்சின் நின்றால் மலையில் என்ன ஆகும் என்பது.

ஜெராக்ஸ்காரி கேட்டு முடித்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “அன்னிக்கே ஏன் சொல்லல?”

 

“இன்னிக்கோட மூணு தடவ அதுல மலை தாண்டிட்டோம்க்கா. குழந்தைய வெச்சுக்கிட்டு, மழையில ஒரு தடவ,” என்றாள் ஜெராக்ஸ்காரி. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

மகளுக்கு ரத்தம் ஏறி முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. நர்ஸிடம் சொல்லிவிட்டு மானி பெரியப்பா வீட்டுக்கு நடந்தாள். கதவைத் திறந்தவர் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. ஒருநாள் வருவாள் என்று காத்திருந்தவர் போல ஒதுங்கி வழிவிட்டார். அவள் உட்காரவில்லை.

“அவங்ககிட்ட சொன்னீங்களா மாமா?”

“அவங்க கேக்கல.”

“ஸ்டிக்கர்?”

அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். “என்கிட்ட யாரும் சொல்லலையேம்மா. எனக்கு வித்தவன் சொல்லல. நான் ஏமாந்தது மட்டும் சரி, நான் கைகழுவினா தப்பா?” காலியான வாசலைப் பார்த்தார். “வாசல்ல நின்னுக்கிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு நாளும் அதப் பாத்தா அவன் சிரிக்கற மாதிரியே இருந்துச்சு. போனாப் போதும்னு இருந்துச்சு.”

“அந்த வீட்டுக் குழந்தைக்கும் நம்ம புள்ளைக்கு இருக்கற அதே நோய். அதே மலையிலதான் போய்வருது.”

பெரியப்பா சுவரில் கை ஊன்றிக்கொண்டார். “எதுக்கு வாங்கறாங்கன்னு நான் கேக்கல,” என்றார். பிறகு, “கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேனோ என்னவோ,” என்றார்.

அந்த இரண்டாவது வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னதால்தான் மானியால் அவரை முழுசாக வெறுக்க முடியவில்லை. “நீங்க மட்டுமில்ல மாமா. என்கிட்ட வாயத் தொறந்து கேட்டாங்க. நானும்தான் சொல்லல,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஓரகத்தி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டார்கள்.

கார் அன்று ஆஸ்பத்திரி மரத்தடியிலேயே நின்றது. இரண்டு குடும்பமும் ஒரே பஸ்ஸில் மலையேறின. வழக்கமாக முன்பக்கத்தில் மானியோடு சேர்ந்து உட்காருகிற ஜெராக்ஸ்காரி அன்று கடைசி வரிசைக்குப் போனாள்.

மானி ஃபிட்டருக்குப் போன் செய்தபோது அவர் ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டார். “இப்ப சொந்தக்காரங்க வண்டி இல்லையே, வரேன்.” மறுநாள் மத்தியானம் மலை தாண்டிப் போகும் பால் டேங்கரில் தொற்றிக்கொண்டு, புது பெல்ட்டும் ஸ்பேனர்களுமாக ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கினார். காலை பஸ்ஸிலேயே வந்துவிட்ட மானியும் ஜெராக்ஸ் கடைக்காரரும் பக்கத்தில் நின்றார்கள். உறையைக் கழற்றியதும் ஃபிட்டர் வாயால் ‘ச்’ என்று ஒரு சத்தம் எழுப்பினார். பெல்ட் முழுக்கக் காய்ந்த சேறு மாதிரி வெடிப்பு. ஓரிடத்தில் வரிசையாக நாலு பல் வேரோடு விரிசல் விட்டிருந்தது.

“இது இன்னும் எத்தன தூரம் ஓடியிருக்கும்ணே?” என்று கடைக்காரர் கேட்டார்.

“ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கலாம். அடுத்த வளைவு வரைக்கும் ஓடியிருக்கலாம். அத யாரால சொல்ல முடியும்?” என்றார் ஃபிட்டர். பழைய பெல்ட்டை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. மானியிடம் நீட்டினார். அவளும் வாங்கிக்கொள்ளவில்லை. கடைசியில் அவரே அதைச் செய்தித்தாளில் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

அவர்கள் அந்தக் காரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எஞ்சின் தேய்ந்ததுதான், ஆயில் குடிக்கும், ஆனால் பார்த்து ஓட்டினால் இரண்டு மூன்று வருடம் தாக்குப்பிடிக்கும் என்று ஃபிட்டர் சொல்லியிருந்தார். ஜெராக்ஸ்காரி மானியோடு சண்டை போடவுமில்லை. பார்த்தால் “வாங்க” என்பாள், பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பாள். ஆனால் ஒருநாள் நர்ஸிடம் சொல்லிக் குழந்தையின் படுக்கையை ஜன்னல் பக்கமாக மாற்றிக்கொண்டாள். அங்கே காற்று வருகிறதாம். மானி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

நிலையத்தில் அவள் வேலை மாறவில்லை. ஆனால் “இது வேண்டாம்” என்று முன்பு பட்டென்று சொன்னவள் இப்போது, “தண்ணி கலந்திருக்கு, இத்தனை அளவு கலந்திருக்கு, அதனாலதான் வேண்டாம்னு சொல்றேன்” என்று கேட்காதவர்களுக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள். பால்காரர்களுக்கு அது பழைய இரண்டு வார்த்தையைவிட எரிச்சலாக இருந்தது.

மறு வருடம் மானி வீட்டிலும் ஒரு கார் வாங்கினார்கள். சின்னது, பழையது, டீசல்தான். ஏழு வண்டி பார்த்துக் கழித்து எட்டாவதாக எடுத்தது. பெல்ட்டை மாற்றிய பிறகே மானி அதில் மகளை ஏற்றினாள். அப்போதும் மலை ஏறும்போது பாட்டுப் போட விடமாட்டாள், பேசவும் விடமாட்டாள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு வளைவாகத் திருப்புவாள்.

வீட்டுக்காரர் அண்ணனைப் பார்க்கத் தனியாகப் போய் வந்தார். போனதைச் சொல்வார், பேசியதைச் சொல்லமாட்டார். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்பதுகூட மானிக்கு அடுத்தவர் வாயிலாகத்தான் தெரிந்தது.

பெரியப்பா ரத்தம் ஏற்றுகிற நாளை மட்டும் மறக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் சரியாகப் போன் வரும். மகள் எடுத்து, “நல்லாருக்கேன் பெரியப்பா... வலிக்கல... சாப்பிட்டேன்,” என்பாள். மானி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

“பெரியப்பா என்கிட்ட குடுக்கச் சொன்னாரா?” என்று ஒருநாள் கேட்டாள்.

“நல்லபடியா போய்ச் சேந்தீங்களான்னு கேட்டாரு,” என்றாள் மகள். “அப்புறம் வெச்சுட்டாரு.”